நிரலை அலசித் தகவல் எடுக்க எந்த வழி: கிரெப், வாக், விசிட்டர், லிப்சிஎஸ்டி, ட்ரீ-சிட்டர்

பைதானில் எழுதிய பெரிய ப்ராஜெக்ட் ஒன்று கையில் இருக்கிறது. அதை வேறு சர்வருக்கு மாற்றப் போகிறீர்கள். அது எந்தெந்த என்விரான்மென்ட் வேரியபிள்களை, அதாவது சூழல் மாறிகளைப் படிக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். ஆவணத்தில் இருப்பது இரண்டு வருடப் பழசு. நிரலையே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

இந்த இடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். கோப்புகளில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டால் போதாதா? நிரலை மரமாக மாற்றித் தரும் பைதானின் ஏஎஸ்டி மாட்யூலில் வாக் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே, நாலு வரியில் முடிந்துவிடுமே? இல்லை, முறையாக விசிட்டர் கிளாஸ் எழுத வேண்டுமா? லிப்சிஎஸ்டி, ட்ரீ-சிட்டர் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவற்றையும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா? என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள் இவை. இதே வேலையை இந்த எல்லா வழிகளிலும் செய்து பார்த்திருக்கிறேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வேலை என்ன என்பதை முதலில் துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஓஎஸ்.கெட்என்வி என்று அழைத்திருந்தாலும், ஓஎஸ்.என்விரான் என்ற டிக்‌ஷனரியில் சதுர அடைப்புக்குறி போட்டு எடுத்திருந்தாலும், அதன் கெட் மெத்தடைக் கூப்பிட்டிருந்தாலும், அங்கே கொடுத்த பெயர், கோப்பு, வரி எண் மூன்றும் வேண்டும். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வொரு வழியும் எங்கே தாங்கும், எங்கே கைவிடும் என்று காட்ட இதுவே போதும்.

## எதை வைத்து எடை போடுவது

வேகமும் எழுத ஆகும் நேரமும்தான் முதலில் கண்ணில் படும். என்னுடைய முதல் அளவுகோல் வேறு: ஒன்று விடுபட்டுப் போனால் அது நமக்குத் தெரியுமா? தகவல் எடுக்கும் நிரல் தப்பு செய்யும்போது பெரும்பாலும் எர்ரர் வராது. பட்டியலில் 41 பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 38 இருக்கும், அவ்வளவுதான். 38 என்ற எண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மூன்று வாரம் கழித்து, புது சர்வரில் ஏதோ ஒன்று நடக்காமல் போகும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இரண்டாவது, உங்கள் கேள்விக்குள் 'எதற்குள்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'எங்காவது இந்த மாறி படிக்கப்படுகிறதா' என்பது ஒரு கேள்வி. 'எந்த ஃபங்ஷனுக்குள் படிக்கப்படுகிறது' என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தேவைப்படும் கருவியே வேறு.

மூன்றாவது, பைதான் பதிப்பு மாறும்போது நம் நிரல் என்ன ஆகும். நான்காவது, தகவல் எடுப்பதோடு நிற்குமா, நாளைக்கு அதே இடங்களைத் திருத்தி எழுதவும் வேண்டியிருக்குமா. கடைசியாக, பார்ஸ் ஆகாத, அதாவது இலக்கணப்படி பிரிக்க முடியாத கோப்புகளோ வேறு மொழிக் கோப்புகளோ கலந்து கிடக்கின்றனவா.

## கிரெப்

ஒரு நிமிட வேலை. முதல் மதிப்பீட்டுக்கு இதைவிட நல்லது இல்லை, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நான் முதலில் கிரெப்தான் போடுவேன்.

ஆனால் கிரெப் வரி வரியாகப் பார்க்கிறது, நிரல் வரி வரியாக எழுதப்படுவதில்லை. பிளாக் ஃபார்மட்டர் இயல்பாக 88 எழுத்துக்கு மேல் போகும் வரியை உடைத்துவிடும். கெட்என்வி ஒரு வரியிலும் மாறியின் பெயர் அடுத்த வரியிலும் போய் உட்காரும். பெயரையும் சேர்த்துப் பிடிக்கும் ரெஜெக்ஸ் அதைச் சத்தமில்லாமல் தவற விடும். இன்னொரு பக்கம், கமெண்டில் தூங்கும் பழைய வரிகளையும் டாக்ஸ்ட்ரிங்கில் இருக்கும் உதாரணங்களையும் அள்ளிக்கொண்டு வரும். சின்ன ப்ராஜெக்டில் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். 400 கோப்பு என்றால் கண் ஏமாறும்.

## கையால் ஒவ்வொரு கணுவாக இறங்குவது

நிரலைப் பார்ஸ் செய்தால் கிடைக்கும் மரத்தில் நிரலின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு கணு, ஒவ்வொரு வகைக் கணுவுக்கும் அதற்கே உரிய கிளைகள் உண்டு. இஃப் கணுவுக்கு நிபந்தனை, உடல், எல்ஸ் பகுதி. ட்ரை கணுவுக்கு உடல், எக்செப்ட்கள், எல்ஸ், ஃபைனலி. இதையெல்லாம் நாமே எழுதி இறங்கலாம். பலர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் ஒன்றே ஒன்று: மறக்கும் கிளைகள் எப்போதும் நமக்கு வேண்டிய கிளைகளாகவே இருக்கின்றன. ஃபங்ஷனின் உடலை மறக்காமல் எழுதுவோம். அதன் ஆர்க்யுமென்ட்களுக்குக் கொடுத்த டிஃபால்ட் மதிப்புகளை மறப்போம். 'ஹோஸ்ட்' என்ற ஆர்க்யுமென்ட்டுக்கு டிஃபால்ட்டாக ஓஎஸ்.கெட்என்வி அழைப்பையே எழுதுவது பைதானில் சர்வ சாதாரணம். டெக்கரேட்டருக்குள் எழுதுவதும் அப்படித்தான். ஃபார் சுழலுக்கும் வைல் சுழலுக்கும் எல்ஸ் பகுதி இருக்கிறது என்பதே பலருக்கு நினைவில் நிற்பதில்லை. 3.10 பதிப்பில் மேட்ச் வாக்கியம் வந்தபோது, கையால் இறங்கிய நிரல்கள் எல்லாம் அதற்குள் நுழையாமல் கடந்து போயின. எர்ரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

## ஏஎஸ்டி.வாக்: மரம் முழுக்கப் பொதுவாக நடப்பது

இங்கேதான் பொது நடை என்ற யோசனை வருகிறது. பைதானின் ஒவ்வொரு கணு வகையும் தன் கிளைகளின் பெயர்ப் பட்டியலைத் தன்னிடமே வைத்திருக்கிறது. வாக் அந்தப் பட்டியலைப் பார்த்து இறங்குகிறது. அதற்கு இஃப் தெரியாது, ட்ரை தெரியாது, மேட்ச் தெரியாது. 'உன்னிடம் என்ன கிளை இருக்கிறது' என்று கேட்கத் தெரியும், அது போதும். மேட்ச் வந்தபோது ஒரு வரிகூட மாற்றாமல் அதற்குள்ளும் போனது இதனால்தான். டிஃபால்ட் மதிப்பு, டெக்கரேட்டர், எஃப்-ஸ்ட்ரிங்கின் நெளி அடைப்புக்குறிக்குள் இருக்கும் கோவை எல்லாமே தானாக வந்துவிடும். முதல் அளவுகோலில் இறங்கும் பகுதியைப் பொறுத்தவரை இதற்கு முழு மதிப்பெண்.

இன்னொரு நன்மையும் உண்டு. வாக் தன்னைத்தானே அழைத்துக்கொள்வதில்லை, வரிசை ஒன்றை வைத்துக்கொண்டு மட்டம் மட்டமாகப் போகிறது. அதனால் எவ்வளவு ஆழமான மரமாக இருந்தாலும் ரிகர்ஷன் எல்லையில் முட்டாது. இதன் மறுபக்கம், கணுக்கள் நிரலில் எழுதிய வரிசையில் வராது. எந்த வரிசை என்று பைதான் ஆவணம் உறுதி தருவதும் இல்லை. வரி எண்ணை வைத்து நீங்களே வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். சின்ன விஷயம்தான்.

சின்னதல்லாத விஷயம் இது: இறங்குவதுதான் பொதுவானது. அடையாளம் காண்பது பொதுவானதல்ல. 'இது கெட்என்வி அழைப்பு' என்று கண்டுபிடிக்கும் நிபந்தனை நம்முடையது. அங்கே எல்லாப் பழைய சிக்கலும் திரும்பி வரும். 3.8 வரை, சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர் 'இன்டெக்ஸ்' என்ற உறைக் கணுவுக்குள் இருந்தது. 3.9இல் அந்த உறையை எடுத்துவிட்டார்கள், பெயர் நேராகவே கிடைக்கும். 'இன்டெக்ஸா?' என்று கேட்டுவிட்டு உள்ளே போகும் பழைய நிரலை 3.9இல் ஓட்டினால், சதுர அடைப்புக்குறி போட்ட அத்தனை இடமும் காணாமல் போகும். வாக் எல்லாக் கணுவையும் நம் முன்னால் கொண்டுவந்து வைத்தது, நாம்தான் 'இது இல்லை' என்று தள்ளிவிட்டோம்.

அப்புறம் இம்போர்ட் மாற்றுப்பெயர்கள். ஓஎஸ் மாட்யூலிலிருந்து கெட்என்வியை மட்டும் இம்போர்ட் செய்து வேறு பெயர் வைத்திருந்தால், வாக் அதைப் பெயராக மட்டுமே காட்டும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

இதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன். அடையாளம் தெரிந்தவற்றை ஒரு பட்டியலில் சேர்க்கிறேன். அதோடு நிற்காமல் இரண்டாவது முறை நடந்து, 'என்விரான்' அல்லது 'கெட்என்வி' என்ற பெயர் மரத்தில் தலைகாட்டும் ஒவ்வொரு கணுவையும், இம்போர்ட் வரிகளையும் சேர்த்து, எந்த நிபந்தனையும் இல்லாமல் எடுக்கிறேன். இரண்டாவது பட்டியலில் இருந்து முதலில் இல்லாத எதுவும் 'புரியவில்லை' என்ற தலைப்பில் வரி எண்ணோடு அச்சாகும். பெயரை நேராக எழுதாமல் முன்னொட்டையும் பின்னொட்டையும் கூட்டி உருவாக்கும் இடங்கள், 'இந்த மாறி இருக்கிறதா' என்று மட்டும் சோதிக்கும் இடங்கள், என்விரானையே வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பும் இடங்கள் எல்லாம் அங்கே வந்து நிற்கும். 3.9இல் இன்டெக்ஸ் போனபோது பட்டியல் சுருங்கியது கண்ணில் படாமல் போயிருக்கலாம். 'புரியவில்லை' பகுதி திடீரென்று வீங்கியிருந்தால் அது கண்ணில் படாமல் போகாது.

'எதற்குள்' என்ற கேள்விக்கு வாக் நேரடியாகப் பதில் சொல்லாது. கணுவுக்குத் தன் பெற்றோர் யார் என்று தெரியாது. ஆனால் ஒரு மாற்று இருக்கிறது: முதலில் ஒரு நடை நடந்து ஒவ்வொரு பிள்ளைக் கணுவின் மீதும் பெற்றோரைக் குறித்து வைத்துவிட்டால், வேண்டிய கணுவிலிருந்து மேலே ஏறி எந்த ஃபங்ஷன் என்று பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம். 'படிக்க', 'எழுத' என்று குறிக்கும் லோட், ஸ்டோர் கணுக்களை பைதான் எல்லா இடத்துக்கும் பொதுவாகப் பகிர்கிறது. அவற்றின் பெற்றோர் குறிப்பு கடைசியாக எழுதியதாகவே இருக்கும். அதை நம்ப வேண்டாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. வரிக்குள் எத்தனையாவது இடம் என்று மரம் சொல்லும் எண் எழுத்துக் கணக்கு அல்ல, யூடிஎஃப்-8 பைட் கணக்கு. அதே வரியில் முன்னால் 'தமிழ்' என்ற சொல் ஸ்ட்ரிங்காக இருந்தால், கண்ணுக்குத் தெரிவது 3 எழுத்து, யூனிகோடில் 5 குறியீடு, பைட்டில் 15. அந்த எண்ணை அப்படியே ஸ்ட்ரிங்கை வெட்டப் பயன்படுத்தினால் தவறான இடத்தில் வெட்டும். ஆங்கிலம் மட்டும் உள்ள கோப்புகளில் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

## நோட்விசிட்டர்: வகைக்கு ஒரு மெத்தட்

விசிட்டரிலும் அடியில் இருப்பது அதே பொது நடைதான். வித்தியாசம், நமக்கு வேண்டிய வகைக்கு மட்டும் 'விசிட்_' என்று தொடங்கும் மெத்தட் எழுதிக் குறுக்கிடலாம். எழுதாத வகைகளுக்கு ஜெனரிக்_விசிட் என்ற பொது மெத்தட் தானாக ஓடி உள்ளே இறங்கும். ஃபங்ஷனுக்குள் நுழையும்போது அதன் பெயரை ஓர் அடுக்கில் போட்டு, வெளியே வரும்போது எடுத்துவிட்டால், 'எதற்குள்' என்பதற்கு எப்போதும் பதில் கையில் இருக்கும். வேண்டாத கிளைக்குள் போகாமலும் தடுக்கலாம். பெரும்பாலும் நிரல் வரிசையிலேயே நடக்கும்.

ஆனால் ஒரு வகைக்கு நாம் மெத்தட் எழுதிவிட்டால், அதற்குக் கீழே இறங்கும் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது. ஜெனரிக்_விசிட்டை நாமே அழைக்காவிட்டால் நடை அங்கேயே நின்றுவிடும்.

நான் வேலை பார்த்த ஒரு குழுவில் நடந்தது இது. அழைப்புக் கணுவுக்கு மெத்தட் எழுதியிருந்தார்கள்: 'கெட்என்வி என்றால் பெயரை எடு, இல்லையென்றால் திரும்பு.' பார்க்கச் சரியாகவே இருந்தது. பட்டியல் வந்தது, புது சர்வரில் மாறிகளையெல்லாம் போட்டார்கள், எல்லாம் ஓடியது. ஓரிரு நாளில் ஒரு சர்வீஸ் மெதுவானது. காரணம் தேடிப் போனால், டைம்-அவுட், கனெக்‌ஷன் எண்ணிக்கை, போர்ட் மூன்றுமே பட்டியலில் இல்லை. மூன்றும் எண்கள். எண் என்பதால் நிரலில் கெட்என்வி அழைப்பை இன்ட் என்ற அழைப்புக்குள் போட்டு எழுதியிருந்தார்கள். விசிட்டர் வெளியே இருந்த இன்ட் அழைப்பைப் பார்த்தது, கெட்என்வி இல்லை என்று திரும்பிவிட்டது. உள்ளே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. கெட்என்விக்கு டிஃபால்ட் மதிப்பும் கொடுத்திருந்ததால் சர்வீஸ் விழவும் இல்லை, பழைய டிஃபால்ட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. மெத்தடின் கடைசியில் ஒரே ஒரு வரி விட்டுப் போனதன் விலை அது. அன்றிலிருந்து நான் எழுதும் எந்த விசிட்டரிலும், மெத்தடில் வேறு எதை எழுதும் முன்பும் ஜெனரிக்_விசிட் வரியை எழுதிவிடுகிறேன்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு மூன்று ஓட்டைகளும் உண்டு. அசிங்க் ஃபங்ஷனுக்கு 3.5இலிருந்து தனிக் கணு வகை. சாதாரண ஃபங்ஷனுக்கு மட்டும் மெத்தட் எழுதினால், அசிங்க் ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறிகள் வெளியே உள்ள ஏதோ ஒன்றின் கணக்கில் போய்ச் சேரும். மெத்தட் பெயரில் ஒரு எழுத்து பிழையானால் அது ஒருபோதும் அழைக்கப்படாது, யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள். மூன்றாவது பதிப்புச் சிக்கல்: ஸ்ட்ரிங்குக்கும் எண்ணுக்கும் தனித்தனியாக இருந்த கணு வகைகளை 3.8இல் கான்ஸ்டன்ட் என்ற ஒன்றாக்கினார்கள். பழைய விசிட்_ஸ்டர் மெத்தட்கள் அதன் பிறகும் ஒட்டுப்போட்டு ஓடிக்கொண்டிருந்தன. 3.14இல் அந்த ஒட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது அவை அழைக்கப்படுவதே இல்லை.

ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். டிஃபால்ட் மதிப்பும் டெக்கரேட்டரும் மரத்தில் ஃபங்ஷனுக்குள் இருந்தாலும், ஓடுவது ஃபங்ஷனை வரையறுக்கும் நேரத்தில், அதாவது பெரும்பாலும் இம்போர்ட்டின்போதே. 'இந்த மாறி சர்வீஸ் எழும்போதே வேண்டுமா, பிறகு வந்தால் போதுமா' என்பது உங்கள் கேள்வியானால், அந்த இரண்டையும் முதலில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஃபங்ஷன் பெயரை அடுக்கில் போட வேண்டும். பெற்றோர் குறித்து வைத்து மேலே ஏறும் முறையிலும் இதே தவறு வரும். ஆனால் விசிட்டரில் இதைச் சரிசெய்வது எளிது, இரண்டு வரி இடம் மாற்றினால் முடிந்தது.

விசிட்டர் சத்தமாகத் தோற்கும் ஓர் இடமும் உண்டு. இது ரிகர்ஷன். ஒவ்வொரு மட்டத்துக்கும் குறைந்தது இரண்டு அழைப்பு ஆகும், பைதானின் இயல்பான எல்லை 1000. நூற்றுக்கணக்கான ஸ்ட்ரிங்குகளைக் கூட்டல் குறியால் சேர்த்து எழுதிய, கருவி உருவாக்கிய கோப்பு ஏதாவது இருந்தால் எர்ரர் விழும். எனக்கு அது பரவாயில்லை. விழுந்தால் பார்த்துச் சரிசெய்யலாம்.

## லிப்சிஎஸ்டி

இன்ஸ்டாகிராம் குழு உருவாக்கிய நூலகம். ஏஎஸ்டி மரத்தில் கமெண்ட் இருக்காது, இடைவெளி இருக்காது, ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா என்பதும் இருக்காது. லிப்சிஎஸ்டியின் மரத்தில் எல்லாம் இருக்கும். மரத்திலிருந்து அசல் கோப்பை அச்சு அசலாகத் திரும்ப எழுதலாம். இன்றைக்குப் பட்டியல், அடுத்த மாதம் அத்தனை கெட்என்வியையும் ஒரு செட்டிங்ஸ் கிளாஸுக்கு மாற்றும் வேலை என்று தெரிந்தால் முதலிலிருந்தே இதில் ஆரம்பியுங்கள்.

நான் இதை மெச்சுவது வேறு இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, விசிட் மெத்தட் எழுதினாலும் இயல்பாக உள்ளே இறங்கும். நிறுத்த வேண்டுமானால்தான் நாம் பொய் மதிப்பைத் திருப்பி அனுப்பிச் சொல்ல வேண்டும். இன்ட்டுக்குள் கெட்என்வி தொலைந்த கதை இங்கே நடக்காது. அசிங்க் ஃபங்ஷனும் தனி வகை அல்ல, அதே ஃபங்ஷன் கணுவின் ஒரு குணம் மட்டுமே. இரண்டு, முழுப் பெயர் கண்டுபிடிக்கும் வசதி கூடவே வருகிறது. கெட்என்விக்கு என்ன மாற்றுப்பெயர் வைத்து இம்போர்ட் செய்திருந்தாலும், அது ஓஎஸ்.கெட்என்விதான் என்று சொல்லிவிடும். என்விரானை ஒரு மாறியில் போட்டுவைத்து அங்கிருந்து எடுத்தால் மட்டும் இதற்கும் தெரியாது. மதிப்பு எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று பார்க்க கோட்க்யூஎல் போன்ற தரவோட்ட அலசல் கருவிதான் வேண்டும்; மரத்தில் நடக்கும் எந்த வழியும் அதைச் செய்யாது.

செலவு? தனியாக நிறுவ வேண்டும். ஏஎஸ்டியைவிட மெதுவானது, முழுப் பெயர், இடம் போன்ற கூடுதல் தகவல் கேட்டால் இன்னும் மெதுவாகும். மரத்தில் உறைகள் அதிகம்: சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரை எடுக்க இரண்டு மூன்று படி இறங்க வேண்டும். எடுத்த ஸ்ட்ரிங் மேற்கோள் குறிகளோடு வரும், அதை மதிப்பாக மாற்றித் தரும் பண்பு தனியாக இருக்கிறது. மேற்கோளோடு சேர்த்துப் பெயரை ஒப்பிட்டுவிட்டு 'ஒன்றுமே கிடைக்கவில்லை' என்று அரைநாள் தேடுவார்கள்.

## ட்ரீ-சிட்டர்

ஆட்டம் எடிட்டருக்காக கிட்ஹப்பில் மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் தொடங்கிய பார்சர். எடிட்டருக்குள் வாழப் பிறந்தது என்பதால், பாதி தட்டிய நிரலையும் பார்ஸ் செய்யும். புரியாத பகுதியை எர்ரர் கணு என்று குறித்துவிட்டு மேலே போகும். பைதான் இலக்கணம் பழைய பைதான் 2இன் பிரின்ட் வாக்கியத்தையும் ஏற்கிறது. ஏஎஸ்டி அந்தக் கோப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பைதான், ஜாவாஸ்கிரிப்ட், கோ மூன்றும் கலந்த ப்ராஜெக்ட் என்றால் ஒரே முறையில் மூன்றையும் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு மொழியின் கணுப் பெயர்களும் வேறு, வினவலை மொழிக்கு ஒன்றாக எழுத வேண்டும்.

இங்கே நாம் நடப்பதே இல்லை. வேண்டிய வடிவத்தை அடைப்புக்குறிகளால் ஒரு வினவலாக எழுதிக் கொடுத்தால், பொருந்தும் இடங்களை அது கொண்டுவந்து கொடுக்கும். இலக்கணத்தில் இல்லாத கணுப் பெயரை எழுதினால் வினவல் உருவாகும்போதே எர்ரர். விசிட்டரில் எழுத்துப்பிழை மௌனமாகக் கொல்லும், இங்கே உடனே கத்தும். முதல் அளவுகோலில் இது பெரிய புள்ளி.

அதே அளவுகோலில் ஒரு பெரிய குறையும் உண்டு. எர்ரர் கணுவுக்குள் சிக்கிய நிரல் வினவலில் பொருந்தாமல் போகலாம், அதைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் மரத்தில் எர்ரர் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கோப்பின் பெயரை அச்சிட்டே ஆக வேண்டும். இடக் கணக்கு இங்கேயும் பைட்டில்தான். பைதானிலிருந்து பயன்படுத்தும் நூலகத்தின் ஏபிஐ பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது, எனவே பதிப்பைக் கட்டிவைத்துவிட்டு எழுதுங்கள்.

## ஹாஸ்கெலில் இருப்பவர்களுக்கு

பொது நடையை ஒரு முறையாக வகுத்துக் காட்டிய பழைய வேலைகளில் முக்கியமானது அங்கேதான் நடந்தது. ரால்ஃப் லாமெலும் சைமன் பெய்டன் ஜோன்ஸும் 2003இல் அதை 'ஸ்க்ராப் யுவர் பாய்லர்பிளேட்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். வகையைச் சொன்னால் போதும், மரத்தில் அந்த வகை எங்கிருந்தாலும் எடுத்துத் தரும். நீல் மிட்செல் உருவாக்கிய யூனிப்ளேட் அதன் எளிய வடிவம். தேர்வு இந்த இரண்டுக்கும் இடையே என்றால், எழுதவும் படிக்கவும் யூனிப்ளேட் சுலபம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஹாஸ்கெலில் ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் பட்டியல். முதல் முறையில் 'எல்லா ஸ்ட்ரிங்கையும் கொடு' என்று கேட்டால், 'ஹோஸ்ட்' என்ற ஒரு சொல்லுக்கு அது மட்டுமல்ல, தலையெழுத்தை வெட்டிய மிச்சம், அதிலும் வெட்டிய மிச்சம் என்று காலியாகும் வரை எல்லாம் வரும். ஸ்ட்ரிங்கைக் கேட்காமல், அதைத் தாங்கும் கணு வகையைக் கேளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | விடுபட்டால் தெரியுமா | 'எதற்குள்' | பதிப்பு மாறினால் | திருத்தி எழுத |
|---|---|---|---|---|
| கிரெப் | தெரியாது | முடியாது | பாதிப்பு இல்லை | ஆபத்து |
| கையால் இறங்குதல் | தெரியாது | முடியும் | புதுக் கணுக்களுக்குள் போகாது | சிரமம் |
| வாக் | இரண்டாவது நடை வைத்தால் தெரியும் | பெற்றோரைக் குறித்தால் முடியும் | இறங்கும், அடையாளம் தவறலாம் | கமெண்ட் போய்விடும் |
| விசிட்டர் | தெரியாது | இயல்பாகவே | பழைய மெத்தட்கள் செத்துப்போகும் | கமெண்ட் போய்விடும் |
| லிப்சிஎஸ்டி | ஓரளவு | இயல்பாகவே | நூலகத்தைப் புதுப்பிக்க வேண்டும் | இதற்கென்றே உள்ளது |
| ட்ரீ-சிட்டர் | பெயர்ப் பிழை தெரியும், எர்ரர் கணு தெரியாது | வடிவத்தில் எழுதலாம் | இலக்கணத்தைப் புதுப்பிக்க வேண்டும் | பைட் இடம் பார்த்து வெட்டலாம் |

## சரி, உங்களுக்கு எது

ஒரே ஒரு முறை பட்டியல் வேண்டும், ப்ராஜெக்ட் முழுக்கப் பைதான் 3 என்றால் வாக் போதும். கூடவே 'புரியவில்லை' பகுதியை வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரியான விடை. விசிட்டர்தான் முறையான வழி, வாக் என்பது அவசரத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேள்விக்குள் 'எதற்குள்' இல்லாதவரை, குறுக்கிடும் இடம் குறைவாக இருப்பதுதான் பாதுகாப்பு.

எந்த ஃபங்ஷன், எந்த கிளாஸ், இம்போர்ட் நேரமா ஓடும் நேரமா என்று கேட்டால் விசிட்டர். ஆனால் அதன் முடிவை வாக் எடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தக் குழுவில் இது ஒன்றைச் செய்திருந்தால் மூன்று மாறிகளும் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

மாற்றுப்பெயர் இம்போர்ட்கள் நிறைய இருந்தாலோ, திருத்தி எழுதும் வேலை வரப்போகிறது என்றாலோ லிப்சிஎஸ்டி. பல மொழிகள், உடைந்த கோப்புகள், அல்லது எடிட்டருக்குள் ஓட வேண்டிய கருவி என்றால் ட்ரீ-சிட்டர்.

இந்த வழிகளில் எதுவுமே காணாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பைடான்டிக்கின் செட்டிங்ஸ் கிளாஸ் பயன்படுத்தியிருந்தால், மாறியின் பெயர் ஸ்ட்ரிங்காக எங்கும் இருக்காது. இயல்பாக, கிளாஸின் ஃபீல்டு பெயரே மாறியின் பெயர். கெட்என்வியும் இல்லை, என்விரானும் இல்லை, 'புரியவில்லை' பகுதியிலும் வராது. பேஸ்செட்டிங்ஸிலிருந்து கிளைத்த கிளாஸ்களைத் தனியாகத் தேடி, அவற்றின் ஃபீல்டுகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு சோதனைக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் 14 மாறிகள் இருக்கின்றன: இன்ட்டுக்குள் ஒன்று, டிஃபால்ட் மதிப்பில் ஒன்று, டெக்கரேட்டரில் ஒன்று, அசிங்க் ஃபங்ஷனில் ஒன்று, எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் ஒன்று, மேட்ச் வாக்கியத்தின் கேஸில் ஒன்று, ஃபாரின் எல்ஸில் ஒன்று, இரண்டு வரியாக உடைந்தது ஒன்று, மாற்றுப்பெயரில் ஒன்று, தமிழ் ஸ்ட்ரிங்குக்குப் பக்கத்தில் ஒன்று, இப்படி இன்னும் சில. எங்கேயாவது ஒன்று விடுபட்டது தெரிந்தால், அந்த வடிவம் இதில் புதிதாகச் சேரும். பைதான் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் முதலில் இதன் மேல்தான் ஓட்டுகிறேன். 14 வந்தால் மேலே போகிறேன். 13 வந்தால் வேறு எதையும் தொடுவதில்லை.